ஸ்பீக்கர் துணி மாற்றும்போது எந்தப் பசை?

மாரியம்மன் நோம்பிக்கு நான்கு நாள் இருக்கும்போது, பெருந்துறை சாலையில் டீக்கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளை மொபெட்டில் கட்டிக்கொண்டு என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். பெட்டிகள் நன்றாகவே இருந்தன. முகப்பில் இருந்த கறுப்புத் துணிதான் மேல் விளிம்பை விட்டுக் கழன்று, கொடியில் போட்ட ஈர வேட்டிபோல் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஏனுங்க தம்பி, போன வருடம்தான் புதுத் துணி போட்டேன். அதற்குள் விட்டுவிட்டது. இருப்பதிலேயே கெட்டியான பசை எதுவோ அதைப் போட்டுக் கொடுத்துவிடுங்கள்" என்றார்.

சட்டத்தைக் கழற்றித் திருப்பிப் பார்த்தேன். துப்பாக்கியில் உருக்கி வைக்கும் சூட்டுப் பசை விரற்கடைக்கு ஒரு கட்டியாக வரிசையாக இருந்தது. ஒவ்வொரு கட்டியின் முதுகிலும் துணியின் நெசவு அச்சடித்ததுபோல் அப்படியே பதிந்திருந்தது. துணி மட்டும் இல்லை. "பெட்டியைக் கடையில் எங்கே வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டேன். தகரக் கூரைக்கு அடியில், பாய்லருக்கு நேர் மேலே என்றார். காரணம் அதுதான். சூட்டுப் பசை சூட்டில் உருகி, ஆறி இறுகுவது. மறுபடி சூடு கண்டால் மறுபடி இளகும். பகலெல்லாம் இளகிய பசையைத் துணி கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, ஒரு கோடைக்குள் நழுவிவிட்டது. அது மட்டமான பசை அல்ல. அந்த இடத்துக்கு ஆகாத பசை.

துணி மாற்ற வருகிறவர்கள் பெரும்பாலும் இவரைப் போலத்தான் கேட்கிறார்கள், கெட்டியான பசை எது என்று. நான் கேட்பது வேறு மூன்று: சட்டம் எதனால் ஆனது, துணி எது, பெட்டி எங்கே இருக்கப்போகிறது. இந்த மூன்றும் தெரிந்தால் பசை தானாகவே முடிவாகிவிடும். இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்வேன். ஸ்பீக்கர் துணி ஆயுசுக்கும் இருக்கப்போவது அல்ல. தூசி ஏறும், வெயிலில் வெளுக்கும், பூனை பிறாண்டும். அடுத்த முறை அதைக் கழற்றப் போகிறவருக்கும் வழி இருக்க வேண்டும். அதனால், தாங்கக்கூடிய பசைகளில் எளிதாகக் கழற்ற முடிந்தது எதுவோ அதையே தேடுகிறேன்.

பசைக்கு முன் துணியைச் சொல்லிவிட வேண்டும். நான் சென்னிமலைக்காரன், தறி ஓடிய வீட்டில் பிறந்தவன். எந்தத் துணியையும் முதலில் விரலால் தடவிப் பார்ப்பது எனக்குக் கைப்பழக்கம். ஸ்பீக்கர் துணிக்கு அதோடு ஊதியும் பார்க்க வேண்டும். துணியை உதட்டருகே பிடித்து மெதுவாக ஊதுங்கள். மறுபக்கம் வைத்த உள்ளங்கையில் காற்று தடையில்லாமல் படவேண்டும். பட்டால் ஒலியும் போகும். நெருக்கமாக நெய்த துணியில் முதலில் அடிபடுவது ட்ரெபிள் என்னும் கீச்சுக் குரல் ஒலிதான். தாளச் சத்தம் மங்கி, பாடுகிறவர் போர்வைக்குள் இருந்து பாடுவதுபோல் ஆகிவிடும்.

திருப்பூர் காதர்பேட்டையில் விளையாட்டு உடுப்புக்கான பாலியெஸ்டர் நெட் துணி வெட்டுத் துண்டாகக் கிடைக்கிறது. இரண்டு பெட்டிக்கு ஒரு மீட்டர் தாராளம். எல்லாப் பக்கமும் சற்று இழுபடும், நீர் பட்டாலும் சுருங்காது. புதிதாகச் செய்கிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். பழைய மர ரேடியோக்களுக்கு அது பொருந்தாது. அவற்றுக்குத் தடித்த நூலில் இடைவெளி விட்டு நெய்த பருத்தியோ சணலோ வேண்டும். அப்படி எடுத்தால் முதலில் வெந்நீரில் அலசி, நிழலில் உலர்த்துங்கள். நீளவாக்கில் ஓடும் பாவு நூலுக்குக் கஞ்சி போட்டுத்தான் தறியில் ஏற்றுகிறோம். அந்தக் கஞ்சி துணியிலேயே இருந்தால் கண்ணிகள் அடைந்திருக்கும், பசையும் நூலில் ஊறாமல் கஞ்சியின்மேல் உட்கார்ந்துவிடும். அலசாத பருத்தி முதல் ஈரத்தில் சுருங்கவும் செய்யும். நீர்ப்பசை வைத்தால் அந்த ஓரம் மட்டும் சுருங்கி, நடுவில் அலை அலையாக நிற்கும்.

அடுத்து, பழைய பசையை அடியோடு எடுப்பது. இதில் சோம்பல் கூடாது. பழைய மர ரேடியோவில் பழுப்பாக, கண்ணாடிபோல் நொறுங்குவது வச்சிரம், தோலும் எலும்பும் காய்ச்சி எடுக்கும் பழைய தச்சுப் பசை. வெந்நீரில் பிழிந்த துணியைக் கால் மணி நேரம் போட்டு வைத்தால் இளகி, பட்டி பிளேடால் வழித்தால் வந்துவிடும். வெள்ளைப் பசையும் ஏறக்குறைய அப்படித்தான். ஆனால் ஹார்டுபோர்டு, எம்.டி.எஃப். போன்ற, மர நாரை அழுத்திச் செய்த சட்டங்களை ஊறவிடாதீர்கள், விளிம்பு உப்பினால் பழைய நிலைக்குத் திரும்பாது. சூட்டுப் பசைக் கட்டிகளின் ஓரத்தில் மருந்துக்கடையில் விற்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைச் சொட்டு விட்டு, அரை நிமிடம் கழித்து நெம்பினால் முழுசாக எழும்பும். டீக்கடைச் சட்டத்தில் அறுபதுக்கும் மேல் கட்டிகள், எல்லாம் பத்து நிமிடத்தில் உதிர்ந்தன. கடைசியாக உப்புத்தாளால் ஒரு தேய்ப்பு, உலர்ந்த துணியால் ஒரு துடைப்பு.

இனி பசைகள்.

மரச் சட்டம், பிளைவுட் சட்டம், வீட்டுக்குள் இருக்கும் பெட்டி என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பது தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசை. ஃபெவிகால் என்று நாம் எல்லோரும் பொதுப்பெயராகவே சொல்லிவிடுகிறோமே, அந்த வகை. அது மரத்திலும் நூலிலும் ஊறிப் பிடிக்கும். உலர்ந்தால் நிறம் தெரியாது. வைத்த பிறகும் சில நிமிடம் துணியை நகர்த்தி நேராக்கலாம், புதிதாகச் செய்கிறவருக்கு இதைவிடப் பெரிய உதவி வேறு இல்லை. வெந்நீர்த் துணி போட்டால் பின்னாளில் இளகியும் கொடுக்கும். கையில் பட்டால் கழுவிக்கொள்ளலாம், நெடி இல்லை, குழந்தைகள் இருக்கும் வீட்டில் பயமில்லாமல் வைத்து வேலை செய்யலாம்.

அதற்கும் நிபந்தனைகள் உண்டு. நீர் ஊற்றிக் கலக்காதீர்கள். நீர்த்த பசை நூல் வழியே ஏறி முன்பக்கம் வந்துவிடும். வந்த இடம் உலர்ந்ததும் வெளிச்சத்தில் பளபளக்கும், தொட்டால் விறைப்பாக இருக்கும். பழைய அட்டை ஒன்றால் மெல்லிய ஒரு படலமாக இழுத்தால் போதும். சட்டத்துக்கு எண்ணெய்ப் பெயின்ட் அடித்திருந்தால் பசை பெயின்டைத்தான் பிடிக்கும், மரத்தைப் பிடிக்காது. துணி வெளிர் நிறமாக இருந்தால் உள்ளே சட்டத்தின் விளிம்பு தெரியாமலிருக்க அதைக் கறுப்பாக்க வேண்டியிருக்கும். அப்போதும் முன்பக்கத்துக்கும் விளிம்புக்கும் மட்டும் அடித்து, பசை வைக்கும் பின்பக்கத்தை வெறும் மரமாக விட்டுவிடுங்கள். பருவமும் முக்கியம். சித்திரையில் எங்கள் பக்கம் இந்தப் பசை சில நிமிடங்களிலேயே ஆடை கட்டிவிடும், நான்கு பக்கமும் ஒரே மூச்சில் தடவினால் நான்காவது பக்கத்துக்கு வருவதற்குள் முதல் பக்கம் போயிருக்கும். ஒவ்வொரு பக்கமாகத் தடவுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இதற்கு நேர் எதிர். மாலைக்குள் காய்ந்துவிடும் என்று நம்பாமல் ஒரு முழு நாள் விட வேண்டும்.

வெள்ளைப் பசை தோற்கும் இடங்கள் மூன்று: பிளாஸ்டிக், உலோகம், ஈரம். அங்கெல்லாம் ரப்பர் பசைக்குப் போக வேண்டும். சன்மைக்கா ஒட்டவும் செருப்பு ஒட்டவும் பயன்படுத்தும் மஞ்சள் பசை அது. தச்சர்கள் எஸ்.ஆர். என்பார்கள். இதன் குணம் முற்றிலும் வேறு. சட்டத்தில் ஒரு படலம், துணியின் ஓரத்தில் ஒரு படலம் என இரண்டிலும் தடவி, பத்துப் பதினைந்து நிமிடம் சும்மா இருக்க வேண்டும். விரலால் தொட்டால் பிசுபிசுப்பு தெரியவேண்டும், ஆனால் விரலோடு இழுத்துக்கொண்டு வரக் கூடாது. அந்தப் பதத்தில் இரண்டையும் சேர்த்தால் சேர்ந்த நொடியே பிடிக்கும். பிடித்ததை நகர்த்த முடியாது. ஈரமாக இருக்கும்போதே அவசரப்பட்டு ஒட்டினால், கரைப்பான் போக வழியில்லாமல் துணி வழியே கசிந்து மஞ்சள் கறையாகிவிடும். வெள்ளை, சந்தன நிறத் துணிகளுக்கு இந்தப் பசை வேண்டாம் என்பதே என் முடிவு. கறுப்புத் துணி என்றால் கவலையில்லை.

இதன் ஆவி நெருப்புப் பிடிக்கும், மூடிய அறையில் மூச்சுக்கும் கெடுதல். சமையலறைப் பக்கம் வேண்டாம், வாசலில் வைத்துச் செய்யுங்கள். ஆடி மாதத்தில் மட்டும் வாசலும் உதவாது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று எங்கள் ஊர் வரை புழுதியை வாரிக்கொண்டு வரும், பதத்துக்குக் காயவைத்த பசையில் அத்தனையும் அப்பிக்கொள்ளும். அந்த மாதங்களில் காற்று விழும் பக்கத்துக்கு மறைப்புக் கட்டிக்கொண்டு வேலை செய்கிறேன். பிளாஸ்டிக் சட்டத்தில் கண்ணில் படாத மூலையில் ஒரு சொட்டு வைத்து அரை மணி நேரம் பாருங்கள். சில பிளாஸ்டிக்குகளைக் கரைப்பான் தின்றுவிடும். தெர்மாகோல் இருந்தால் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள்.

துளையிட்ட உலோக முகப்புக்கு ஸ்பிரே பசை. அடிப்பது உலோகத்தில், துணியில் அல்ல. ஒரு சாண் தள்ளிப் பிடித்துப் பனி படர்வதுபோல் ஒரு முறை ஓட்டினால் போதும், கொஞ்சம் காயவிட்டுத் துணியை நடுவிலிருந்து ஓரம் நோக்கி வருடி ஒட்டலாம். கனமாக அடித்தால் துளை அடைபடும். கொசுவலை ஜன்னலில் இருப்பதுபோல் சட்டத்தில் பள்ளம் விட்டு ரப்பர் நாடாவால் துணியை அழுத்தும் வகை உங்களுக்கு வாய்த்திருந்தால் பசையே வேண்டாம். நாடாவை எடுத்து, துணியை மாற்றி, திரும்ப அழுத்துங்கள்.

சூட்டுப் பசையை நான் ஒதுக்கவில்லை. பிளாஸ்டிக் சட்டம், குளிர்ந்த அறை, உடனே வேலை முடிய வேண்டும் என்றால் நல்லதுதான், மெல்லிய கோடாக வைத்து அது கட்டியாகும் முன் அழுத்திவிட வேண்டும். கார் கதவுக்கு மட்டும் கூடவே கூடாது. சித்திரை வெயிலில் கரூர்ப் பக்கம் நிறுத்திவைத்த காருக்குள் கை வைத்துப் பாருங்கள், தெரியும். இரட்டைப் பக்க டேப், துணியைத் தற்காலிகமாகப் பிடித்துவைக்க உதவும், அதற்கு மேல் அதை நம்பாதீர்கள். எப்பாக்ஸி இதற்குத் தேவையில்லாத பலம். மைதாப் பசை சுவரொட்டிக்குச் சரி. துணிக்கு வைத்தால் கரப்பான் தேடி வரும். பூச்சிக்காக மயில்துத்தம் கலப்பது பழைய வழக்கம், ஆனால் அது விஷம், வெளிர் துணியில் நீலப் பச்சைக் கறையும் விடும்.

நொடியில் ஒட்டும் சிறு குழாய்ப் பசையைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். என் அப்புச்சியின், அதாவது அம்மாவின் அப்பாவின், மர ரேடியோ எங்கள் வீட்டில் இருக்கிறது. எனக்கு இருபது வயதிருக்கும்போது அதன் துணி ஒரு மூலையில் விட்டிருந்தது. அசல் துணி, தேன் நிறத்தில் இடையிடையே பொன்னிற இழை ஓடும். சிறிய இடம்தானே என்று அந்தப் பசையில் இரண்டு சொட்டு விட்டேன். தண்ணீரைவிட வேகமாக அது நூல் நூலாக ஓடியது. பருத்தியில் பட்டதும் சூடு கிளம்பியது, மெல்லிய புகைகூட எழுந்து கண் எரிந்தது. மறுநாள் காலையில் அந்த மூலையைச் சுற்றி, விபூதி பூசியதுபோல் வெண்மை படர்ந்திருந்தது. நூல்கள் கம்பிபோல் விறைத்து, தொட்டதும் ஒடிந்தன. அந்தத் துணி இனி எங்கும் கிடைக்காது. அப்புச்சி திட்டவில்லை. ரேடியோவைத் திருப்பி, கெட்ட மூலை சுவர்ப் பக்கம் இருக்கும்படி வைத்துவிட்டார். துணி எதுவானாலும் நொடிப் பசையை அதன் அருகே கொண்டுபோகாதீர்கள்.

டீக்கடைப் பெட்டிக்கு வருவோம். பிளைவுட் சட்டம், வழக்கப்படி வெள்ளைப் பசை. ஆனால் அடியில் பாய்லர், நாள் முழுக்க நீராவி. துணியோ கறுப்பு பாலியெஸ்டர். ஆகவே ரப்பர் பசை, கூடவே ஸ்டேப்ளர் துப்பாக்கி. பசை எதுவானாலும் துணியின் இழுவிசையை அதன் தலையில் மட்டும் சுமத்தக் கூடாது. மரச் சட்டமாக இருந்தால் பின்பக்கம் ஸ்டேப்ளர் ஊசிகள் இழுவையைத் தாங்கட்டும், பசை ஓரத்தை அலுங்காமல் பிடிக்கட்டும். அவரிடமும் இதைச் சொன்னேன். "அப்படியானால் பசை கெட்டியாக இருக்க வேண்டியதில்லையா?" என்றார். சட்டத்தை அவர் கையிலேயே கொடுத்து, பசையில்லாமல் நான்கு ஊசி மட்டும் அடித்த துணியைத் தட்டிப் பார்க்கச் சொன்னேன். உறுமிபோல் விம்மியது. அதன் பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை, உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்பீக்கர் கோன் இருக்கும் பெட்டியை முதலில் வேறு அறைக்குக் கொண்டுபோய் வையுங்கள். காந்தம் ஊசியை இழுக்கும், கையிலிருந்து தாவிய ஒரு ஊசி காகிதக் கோனில் துளை போட்டால் செலவு வேறு கணக்கு. துணியைச் சட்டத்தைவிட எல்லாப் பக்கமும் நான்கைந்து சென்டிமீட்டர் கூட வைத்து வெட்டுங்கள். சுத்தமான விரிப்பின்மேல் துணியின் முகம் கீழே இருக்கும்படி பரப்பி, பாவு நூல் சட்டத்தின் நீளப் பக்கத்துக்கு இணையாக ஓடுகிறதா என்று பாருங்கள். நெட் துணியில் கண்ணி வரிசையைப் பார்த்தால் போதும். இந்த ஒரு விஷயத்தில் கண் தவறினால் எத்தனை நல்ல பசையும் காப்பாற்றாது, பெட்டி கோணலாகவே தெரியும்.

பசை வைக்க வேண்டியது சட்டத்தின் பின்பக்கத்தில் மட்டும், வெளி விளிம்பிலிருந்து அரை சென்டிமீட்டர் தள்ளி ஒரு சென்டிமீட்டர் அகலப் பட்டையாக. அந்த அரை சென்டிமீட்டர் இடைவெளிதான் பசை முன்பக்கம் எட்டிப் பார்க்காமல் தடுக்கிறது. துணியில் தடவும்போது, மடிந்து அந்தப் பட்டையின்மேல் விழப்போகும் இடத்துக்கு மட்டும். அடியில் செய்தித்தாள் வைத்துத் தடவுங்கள்.

முதலில் மேல் பக்கத்தின் நடுவில் ஒரு ஊசி, அதற்கு நேர் எதிரே கீழ் நடுவில் ஒன்று, பிறகு இடம், வலம். அங்கிருந்து மூலைகளை நோக்கி, எதிரெதிராக மாறி மாறிப் போக வேண்டும். கட்டிலுக்குக் கயிறு பின்னுகிறவர் ஒரு பக்கத்தையே இழுத்துக்கொண்டு போவதில்லை, அதே கணக்குதான். ரப்பர் பசை நகர விடாது என்பதால், ஒட்டும் இடத்துக்கு வருமுன்பே இழுத்துப் பிடித்துச் சரிபார்த்துவிட்டு அழுத்தினேன். வெள்ளைப் பசையாக இருந்தால் துணிக் கிளிப்புகளை வரிசையாகப் போட்டு ஒரு மணி நேரமாவது விட வேண்டும். எவ்வளவு இழுப்பது என்றால், விரலால் அழுத்தினால் உள்ளே போய் உடனே திரும்ப வேண்டும், அவ்வளவே. மிஞ்சி இழுத்தால் மெல்லிய சட்டம் வில்போல் வளையும், நெட் துணியின் கண்ணிகள் ஓரத்தில் நீண்டு நடுவில் வட்டமாக நிற்கும்.

மூலைகளில் துணியை அப்படியே மடக்கினால் நான்கடுக்கு சேர்ந்து தடித்துவிடும். பிறகு சட்டம் பெட்டியில் படியாமல் ஒரு பக்கம் தூக்கி நின்று, கனத்த பாஸ் ஒலி அடிக்கும்போதெல்லாம் கடகடக்கும். மூலையில் ஒரு முக்கோணத்தை வெட்டி எடுத்துவிட்டு, ஒரு பக்கத்தை மடித்து, அதன்மேல் அடுத்ததைப் படியவையுங்கள். வெட்டு விளிம்பில் நூல் பிரியாமல் இருக்க ஒரு துளி வெள்ளைப் பசையை விரலால் தேய்த்தால் போதும்.

ஒரு இரவு காயவிட்டேன். மறுநாள் பெரியவர் வந்ததும், சட்டத்தைப் பெட்டியில் மாட்டி நாதஸ்வரமும் தவிலும் உள்ள ஒரு பதிவைச் சத்தமாக வைத்தோம். தவிலின் அடி விழும்போது விளிம்பெங்கும் விரலை ஓட்டிப் பார்க்க வேண்டும். எங்காவது பிடி விட்டிருந்தால் அங்கே ஈ மொய்ப்பதுபோல் ஒரு அதிர்வு தெரியும், அந்த இடத்தை மட்டும் பிரித்து மறுபடி ஒட்டிவிடலாம். இடது பெட்டியின் கீழ் மூலையில் ஒரு இடம் தெரிந்தது, சரிசெய்தேன். வலது பெட்டியில் எதுவும் இல்லை.

பெட்டிகளைப் பாய்லருக்கு மேலிருந்து எதிர்ச் சுவருக்கு மாற்றச் சொல்லி அனுப்பினேன். கட்டிக் கொடுக்கும் முன் சட்டத்தின் பின்பக்கம் பென்சிலால் எழுதினேன்: பங்குனி, ரப்பர் பசை, ஓரத்தில் மட்டும், கழற்ற தின்னர்.